எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்



கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில், பொழுது புலர்வதற்கு முன்னே புகைவண்டி நிலையத்தின் அருகில் சற்று நின்றால், இருவகை ஓசைகள் காதில் விழும். ஒன்று, மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டுப் பெங்களூரை நோக்கி வரும் ரயிலின் ஓசை. மற்றொன்று, தெருத் தெருவாகக் கிளப்பப்படும் மோட்டார் சைக்கிள்களின் ஓசை. 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கிய சுரங்க வேலை, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டதோடு நின்றுபோயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று பூமியின் மேலே நெடுந்தூரம் சென்று பிழைக்கிறார்கள். ரயிலின் நேரம் பொருந்துகிறவர்கள் ரயிலில் செல்கிறார்கள். ஷிப்டு நேரம் பொருந்தாதவர்கள், கோலாரைக் கடந்து நரசாபுரத்துத் தொழிற்சாலைகளுக்கும் அதற்கு அப்பாலும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கிறார்கள்.

இத்தகையவருக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரமன்று. அஃது ஓடினால் கூலி உண்டு, நின்றால் இல்லை. அவ்வண்டியின் உயிரோ, அதன் அடிவயிற்றில் கிடக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

'இதைப் பேச இவருக்கு என்ன தகுதி?' என்று நீங்கள் கேட்கலாம். நான் பொறியியல் கற்றவனல்லன். கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவன். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆயினும் இந்தப் பொருளில் நான் ஒரு தவறு செய்தேன். அத்தவறு எனக்குக் கற்பித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊரிகம் சென்றபோது, நாள்தோறும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வேலைக்குச் செல்லும் என் மைத்துனருக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க விரும்பினேன். கடையில் இருந்தவற்றுள் விலை மிகுந்த எஞ்சின் ஆயில் டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதன்மேல் அழகிய கார் ஒன்றின் படம் இருந்தது. காருக்கே உகந்த எண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் உகந்ததாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மைத்துனரும், "மாமா வாங்கியது தவறாகாது" என்று அதையே ஊற்றி ஓட்டினார்.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் விடியற்காலையில், மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது. வண்டி மட்டும் முன்னே செல்லவில்லை. கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் ஓசை கூடிற்றே தவிர வேகம் கூடவில்லை. அன்று அவருக்கு அரைநாள் கூலி போயிற்று. கிளட்ச் தட்டுகளை மாற்றிய செலவு வேறு.

வண்டியைப் பழுது பார்த்தவர், சுரங்கத்துப் பட்டறையில் பல்லாண்டு பிட்டராக இருந்து, சுரங்கம் மூடியபின் தம் வீட்டு முன்புறத்திலேயே சிறு பட்டறை வைத்துக்கொண்ட பெரியவர் ஒருவர். காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "விலையைப் படிச்சீங்க சார், எழுத்தைப் படிக்கலையே" என்றார். எழுத்தைப் படிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அச்சொல் நன்றாகவே உறைத்தது. அந்தப் பெரியவர் அன்று சொன்னவற்றையும், பின்னர் நான் படித்து அறிந்தவற்றையும் சேர்த்து, எண்ணெய் டப்பாவின்மேல் உள்ள எழுத்துகளை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

முதலில், எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டு மாட்டு வண்டிக்காரர்கள், வைக்கோலைக் கரித்த சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குத் தடவுவார்கள். அதற்கு மசகு என்று பெயர். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உராயாதபடி இடையே ஒரு மெல்லிய படலம் நிற்கவேண்டும் என்பதே அதன் தத்துவம். மோட்டார் சைக்கிள் எஞ்சினிலும் தத்துவம் அதுவே, வேகம்தான் வேறு. வண்டிச் சக்கரம் நிமிஷத்துக்குச் சில சுற்றுகள் சுற்றும். எஞ்சினுக்குள் இருக்கும் தண்டோ நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றுகிறது. உராய்வைக் குறைப்பதோடு, எண்ணெய் வேறு சில பணிகளையும் செய்கிறது. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது, கரியையும் கசடையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைக்கிறது, துருவைத் தடுக்கிறது.

காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு மற்றோர் எண்ணெய். கிளட்ச் பெரும்பாலும் எண்ணெய் படாமல் உலர்ந்தே இருக்கும். இக்கால மோட்டார் சைக்கிள்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைந்து வேலை செய்கின்றன. காரில் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் பகிர்ந்துகொள்ளும் வேலையைவிடக் கடுமையான வேலையை இங்கே ஒரு லிட்டர் எண்ணெய் செய்கிறது. அன்றியும், இதில் ஒரு முரண்பாடும் உண்டு. எஞ்சினுக்கு வழுக்கல் வேண்டும். கிளட்ச் தட்டுகளுக்கோ பிடிப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணெய் இடம் கொடுக்கவேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வை மேலும் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அவை காருக்கு நன்மை. மோட்டார் சைக்கிளின் கிளட்சுக்குத் தீமை. என் மைத்துனரின் வண்டி மேட்டில் அலறியதன் காரணம் இதுவே.

இனி, டப்பாவின்மேல் உள்ள எழுத்துகளுக்கு வருவோம். நாம் படிக்கவேண்டியவை மூன்று குறிகள்.

முதற்குறி, எஸ்.ஏ.இ. என்னும் எழுத்துகளுக்குப் பின் வரும் எண். எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்க நாட்டு மோட்டார்ப் பொறியாளர் சங்கம். எண்ணெய்களை அவற்றின் பாகுத்தன்மையைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை அச்சங்கத்தார் 1911-ஆம் ஆண்டில் வகுத்தனர். அது பலமுறை திருத்தப்பட்டு இன்று உலகெங்கும் வழங்குகிறது. 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறையக் குளிரைத் தாங்கும் ஆற்றல் மிகும். 10 டபிள்யூ எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழே 25 டிகிரியிலும், 20 டபிள்யூ எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரியிலும், எஞ்சினைச் சுழற்ற இடம் கொடுக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள வடநாட்டில் வாழும் நம்மவருக்குச் சோதனைச் சாலை தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் தேங்காயெண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருகுவதற்குக் காத்திராத தமிழ்க் குடும்பம் டில்லியில் உண்டோ? அதே தேங்காயெண்ணெய் வாணலியில் காயும்போது நீர்போல ஓடுகிறது. எஞ்சின் எண்ணெய்க்கும் இவ்விரு நிலைகளும் உண்டு. காலையில் கிளப்பும்போது அது கெட்டியாக இருந்தால், எஞ்சினின் தலைப்பகுதிக்கு ஏறச் சில விநாடிகள் தாமதிக்கும். அந்தச் சில விநாடிகளில் இரும்பு இரும்பை உரசும்.

டபிள்யூவுக்குப் பின் உள்ள எண், எஞ்சின் சூடேறியபின் எண்ணெய் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. நீர் கொதிக்கும் வெப்பமாகிய 100 டிகிரியில் அதை அளக்கிறார்கள். 30 என்பது மெல்லியது. 40 அதனினும் தடித்தது. 50 இன்னும் தடித்தது. 100 சி.சி., 125 சி.சி. அளவிலுள்ள இக்கால வண்டிகள் பலவற்றுக்கு 10 டபிள்யூ 30 சொல்லப்பட்டிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகி வந்த புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு 20 டபிள்யூ 50 ஊற்றுவது வழக்கம். அந்தப் பழைய வண்டியில் கியர்ப் பெட்டி தனி. அதற்கு எண்ணெயும் தனி.

நம்மவர் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. 'எண்ணெய் தடிப்பாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது. நம் ஊர் வெயிலுக்கு 50 தான் தாங்கும்' என்பார்கள். இது முழுவதும் சரியன்று. எஞ்சினை வடிவமைத்தவர், அதன் பாகங்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளியை ஓர் எண்ணெயை மனத்திற்கொண்டே அமைத்திருக்கிறார். மெல்லிய எண்ணெய்க்கென்று அமைத்த நுண்ணிய இடுக்கில் தடித்த எண்ணெயை ஊற்றினால், அது தாமதமாகச் சேரும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். தடித்த எண்ணெய்க்கென்று அமைத்த எஞ்சினில் மெல்லியதை ஊற்றினால் படலம் அறும், ஓசை எழும், தேய்மானம் விரையும். தேய்ந்து புகை விடும் பழைய எஞ்சினுக்கு, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் சற்றுத் தடித்த எண்ணெய் ஊற்றினால் சிறிது காலம் தாங்கலாம். ஆனால் அது நோய்க்குப் போர்வை, மருந்தாகாது.

இரண்டாவது குறி, ஏ.பி.ஐ. என்னும் எழுத்துகளுக்குப் பின் வருவது. ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். எஸ் என்று தொடங்கும் தரங்கள் பெட்ரோல் எஞ்சினுக்குரியவை; சி என்று தொடங்குபவை டீசல் எஞ்சினுக்குரியவை. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியதாகும். எஸ்.எல். 2001-ஆம் ஆண்டிலும், எஸ்.எம். 2004-ஆம் ஆண்டிலும், எஸ்.என். 2010-ஆம் ஆண்டிலும், எஸ்.பி. 2020-ஆம் ஆண்டிலும் வந்தன. கையேட்டில் எஸ்.எல். என்றிருந்தால் அதனையோ அதற்குப் பிந்தியதையோ வாங்கலாம், முந்தியதை வாங்கலாகாது. ஆனால் மூன்றாவது குறியும் பொருந்தினால்தான் இவ்விதி செல்லும். ஏனெனில் இந்தத் தரங்கள் காரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. கிளட்சைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை. லாரிக்கு வாங்கிய டீசல் எண்ணெயில் மீதியை வண்டியில் ஊற்றும் சிக்கனமும் வேண்டா.

மூன்றாவது குறியே மோட்டார் சைக்கிள்காரர் கட்டாயம் தேடவேண்டியது. அது ஜாசோ என்னும் ஜப்பானிய மோட்டார்த் தர நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களுக்கென்றே வகுத்த தரம். அதில் எம்.ஏ. என்றும் எம்.பி. என்றும் இரு பிரிவுகள் உள்ளன. எண்ணெயில் நனையும் கிளட்சுக்குப் போதிய பிடிப்பைத் தருவது எம்.ஏ. அதனையே 2006-ஆம் ஆண்டில் எம்.ஏ. 1, எம்.ஏ. 2 என மேலும் பகுத்தனர். இவ்விரண்டில் எம்.ஏ. 2 பிடிப்பில் மிகுந்தது. உராய்வு குறைந்த எண்ணெய் எம்.பி.; இது கியர் மாற்றும் வேலை இல்லாத, கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டருக்குரியது. எம்.பி. எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் நழுவக்கூடும். நான் வாங்கிய டப்பாவில் ஜாசோ என்னும் சொல்லே இல்லை. முதலிரு குறிகள் சரியாகவே இருந்தன. மூன்றாவதைத் தேடவேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

நிற்க. 1961-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி போன்ற இருவீச்சு வண்டிகளைச் சிலர் இன்றும் அன்போடு பேணி வருகிறார்கள். அவற்றின் கணக்கு வேறு. அங்கே எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகிறது. கியருக்குத் தனி எண்ணெய். நான்கு வீச்சு வண்டியின் எண்ணெயைப் பெட்ரோலில் கலப்பதும், இருவீச்சு வண்டியின் எண்ணெயை நான்கு வீச்சு எஞ்சினில் ஊற்றுவதும் தவறு.

இம்மூன்று குறிகளால் வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தனிப்பட்ட பயன் ஒன்று உண்டு. கன்னட நாட்டில் பட்டறைக்காரர் கன்னடத்தில் பேசுவார். டில்லியில் இந்தியில் பேசுவார். சூரத்தில் குஜராத்தியில் பேசுவார். இந்தக் குறிகளோ எந்த மாநிலத்திலும் மாறுவதில்லை. உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால், மொழி தெரியாத ஊரிலும் கேட்டு வாங்கலாம். கையேடு இல்லையேல், அந்த வண்டிக் கம்பெனியின் கிளையில் கேட்டறியலாம்.

கனிம எண்ணெயா, செயற்கை எண்ணெயா என்றும் கேட்பார்கள். செயற்கை எண்ணெய் வெப்பத்தை அதிகம் தாங்கும், குளிரிலும் எளிதாக ஓடும், விலையும் மிகுதி. கையேடு அதைக் கேட்டால் அதை ஊற்றவேண்டும். கேட்காத சிறு வண்டிக்கு, குறிகள் பொருந்திய கனிம எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுவதே போதும். விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு அதை மாற்ற மறப்பவரைவிட, எளிய எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுபவரின் எஞ்சினே நீண்ட நாள் வாழும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? அது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டின் கணக்கே கணக்கு. ஆனால் ஊரிகம் போன்ற இடத்தில் மற்றொன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். சுரங்கத்திலிருந்து எடுத்து, தூளாக அரைத்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண் அங்கே குன்றுகளாக நிற்கிறது. சயனைடு மேடு என்று மக்கள் வழங்கும் அந்தக் குன்றுகளின் எடை, மூன்று கோடி டன்னுக்கு மேல் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். கோடைக் காற்றில் அந்தத் தூள் ஊரெங்கும் பறக்கிறது. அதில் பெரும்பகுதி கல்லின் நுண்துகள். காற்று வடிகட்டி கிழிந்தோ நிரம்பியோ இருந்தால், அத்துகள் சிலிண்டருக்குள் நுழைந்து, வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கும். அப்பொழுது எண்ணெய் மசகாக இராமல் சாணைக் குழம்பாக மாறிவிடும். ஆகவே புழுதி மிகுந்த ஊரில் வடிகட்டியை அடிக்கடி பார்க்கவேண்டும். எண்ணெயையும் சற்று முன்னதாகவே மாற்றவேண்டும். ராஜஸ்தானத்து மணற்காற்றிலும், கட்டட வேலை நடக்கும் நகரத் தெருக்களிலும் வண்டி ஓட்டுவோருக்கும் இது பொருந்தும்.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று அஞ்சவேண்டா. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் கடமை. கறுப்பதனால் மட்டும் அது கெட்டுவிடவில்லை. அளவு குறைவதே உடனடியான ஆபத்து. வாரம் ஒருமுறை சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் கீழே வடியச் சற்றுப் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து நனைத்துப் பாருங்கள். கோலை மரையில் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இரு கோடுகளுக்கு இடையே நிற்கவேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடு, நுரை கட்டும், கசியும்.

வாங்கும்போது மற்றோர் எச்சரிக்கை. பழைய எண்ணெயை வெளுக்கவைத்து, பெயர்பெற்ற கம்பெனிகளின் காலி டப்பாவில் அடைத்து விற்கும் மோசடி நாட்டில் நடக்கிறது. மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா, தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். எண்ணெயை உங்கள் கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவைத் துளையிட்டுவிட்டே எறியுங்கள்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றிவிடுவது எளிது. ஆனால் ஊரிகத்துக்கும் தங்கவயலுக்கும் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் அமைந்தது. அந்தப் பாலாறு அங்கிருந்து கிழக்கே சென்று வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகத் தமிழ்நாட்டில் பாய்வது. நாம் இங்கே கொட்டுகிற கழிவு நம்மவர் கிணற்றுக்கே நாளடைவில் போய்ச் சேரக்கூடும். பழைய எண்ணெய் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைத் திரட்டி மீண்டும் சுத்திகரிக்கும் பொறுப்பு, 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எண்ணெய் உற்பத்தியாளருக்கும் உண்டு. மூடிய பாத்திரத்தில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

அன்பர்களே, என் மைத்துனரின் வண்டி இன்று நன்றாக ஓடுகிறது. அதன் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் சிறு தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. '10 டபிள்யூ 30, எஸ்.எல்.; ஜாசோ எம்.ஏ.' என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நானே. விடியற்காலையில் மேடேறிச் செல்லும் ஒரு மனிதனின் கூலியைக் காப்பதற்கு இந்த ஒருவரி போதுமாயிருக்கிறது. உங்கள் வண்டிக்குரிய ஒருவரியை நீங்களும் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.